மகள் என்மீது கோபப்பட்ட நாள்

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூன் மாதம் அது. ஐந்து வருடம் மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தேன். நாகர்கோவிலில் வடசேரி பக்கம் நாங்கள் கட்டியிருந்த புது வீட்டுக்கு, என் ஆறு வயது மகளைக் கடற்கரையோரக் கடப்புறத்திலிருந்த அக்கா வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். கணவருக்கு மஸ்கட்டில் ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. அதனால் வீட்டில் நானும் மகளும் மட்டும்தான்.

நான் விமானம் ஏறியபோது அவளுக்குப் பதினோரு மாதம். சுனாமிக்குப் பிறகு எங்கள் குடும்பம் நிமிர்ந்து நிற்க வேறு வழி தெரியவில்லை. அக்காவின் இரண்டு ஆண் பிள்ளைகளும் வளர்ந்து கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். "நீ போயிட்டு வா, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று கை நீட்டி வாங்கிக்கொண்டாள். சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். வருடத்துக்கு ஒரு மாதம் நான் விடுமுறையில் வருவேன். மகள் அக்காவை "அம்மா" என்பாள். என்னை "மஸ்கட்டம்மா" என்பாள். அதைத் தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். புது வீட்டில் என் முகத்துக்கு நேரே அவள் அப்படிக் கூப்பிட்டபோது சிரிப்பு வரவில்லை.

மற்றபடி அவளைப்போல ஒரு நல்ல பிள்ளையைப் பார்க்க முடியாது. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். குளி என்றால் குளிப்பாள். எதற்கும் "சரி". எதையும் கேட்கமாட்டாள். தெருவில் விழுந்து முழங்கால் சிராய்த்தால் தானே எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு நிற்பாள். நான் ஓடிப்போனால் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு அக்கா, "எவ்வளவு அடக்கமான பிள்ள! எங்க வீட்டுல இருக்கே ரெண்டு வாலு..." என்பார். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன். உள்ளுக்குள் ஏதோ குளிராக இருக்கும்.

இரண்டு விஷயங்கள் மட்டும் என்னைப் படுத்தின. முதலாவது, பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் மூன்று முறை டைரியில் எழுதி அனுப்பிவிட்டார். டானிக் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது, என் செருப்பு. நான் வெளியே கிளம்பும் நேரத்தில் எந்தச் செருப்பைப் போட நினைக்கிறேனோ அதில் ஒன்று காணாமல் போயிருக்கும். கட்டிலுக்கு அடியில், விறகுக் குவியலுக்குப் பின்னால், ஒருமுறை அரிசிப் பானைக்குள்ளேயே கிடைத்தது. இது என்ன கெட்ட பழக்கம் என்று திட்டிப் பார்த்தேன். ஒருநாள் கையில் ஒரு அடியும் கொடுத்துவிட்டேன். அழவில்லை. அடித்த இடத்தைத் தடவக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை ஆனால் மட்டும் முகம் மலரும். சனி, ஞாயிறு அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போவேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கையை உதறிவிட்டு மணலில் ஓடுவாள். அக்காவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. கூடப்பிறந்த அக்காமேலேயே பொறாமைப்பட்டேன் என்பதை இன்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தெரிந்தவர்கள் ஒரு கவுன்சலிங் ஆளைப் பற்றிச் சொன்னார்கள். போனேன். அவர் மகளை எதிரே நிறுத்தி, பெற்ற தாயின் அருமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம், "அங்க போக்குவரத்து இருக்கிற வரைக்கும் பிள்ளை உங்ககிட்ட ஒட்டாது. ரெண்டு மாசம் அக்கா வீட்டை மறக்கடிங்க. தானா வழிக்கு வரும்" என்றார். எனக்கு உள்ளூர வேண்டியிருந்ததும் அதுதானே? உடனே ஒத்துக்கொண்டேன். அக்காவிடம் போனில் சொன்னேன். "பிள்ளைக்கு நல்லதுன்னா சரி ஏட்டி" என்றாள்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்கு வரும் பள்ளி வேனில் மகள் இல்லை.

"அம்மா கூட்ட வாறான்னு சொல்லிச்சே?" என்றார் வேன் டிரைவர். பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. கடை கடையாகக் கேட்டேன். ஐ.சி.யூ.வில் எத்தனையோ உயிர்களைக் கைநடுங்காமல் பார்த்தவள் நான். அன்று போலீஸ் ஸ்டேஷன் எண்ணை இரண்டு முறை தப்பாக அமுக்கினேன். அப்போதுதான் அக்காவின் அழைப்பு வந்தது.

"ஏட்டி, பிள்ள இங்க இருக்கு. பதறாத. மெல்ல வா."

நடந்தது இதுதான். பள்ளி விட்டதும் கூட்டத்தோடு வெளியே வந்து, வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போயிருக்கிறாள். காலையில் மீன் விற்க வந்து, வெறும் அலுமினியச் சட்டியோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீன்காரம்மாவின் சேலையைப் பிடித்து, "நீங்க கடப்புறத்துக்கா போறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா எங்கள் ஊர்க்காரி. நல்லவேளை! பிள்ளையை அடையாளம் கண்டு, மடியில் வைத்துக் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுவிட்டார். அவள் வேறு யாருடைய சேலையையாவது பிடித்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் எனக்கு நடுக்கம் தரும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மகள் அக்கா மடியில் உறங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் உப்பு காய்ந்திருந்தது.

"கரைஞ்சு கரைஞ்சு ஒறங்கிப் போனா. ஒரு மணிக்கூர் கரைஞ்சா பிள்ள" என்றாள் அக்கா.

என் வீட்டில் மூன்று மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை! இவளுக்கு அழத் தெரியும். என்னிடம்தான் அழவில்லை. அந்த மணலில் நின்றுகொண்டு, இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவரிடம் போனேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, குழந்தைகளின் மனசு தெரிந்த ஒருவரைப் பாருங்கள் என்றார். யாரை? அவருக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. மஸ்கட்டில் என்னோடு வேலை பார்த்த கொல்லத்துத் தோழிக்குப் போன் செய்தேன். அவள் இரண்டு நாள் யார் யாரையோ விசாரித்து, திருவனந்தபுரத்தில் மூன்று பேருடைய எண்களைத் தந்தாள்.

மூன்று பேரிடமும் போனில் ஒரே கதையைச் சொன்னேன். முதலாமவர் பிள்ளையின் மார்க்கைக் கேட்டார். இரண்டாமவர், "கொண்டு விட்டுட்டு வெளியில உக்காந்தா போதும், நாங்க பாத்துக்கிறோம்" என்றார். மூன்றாமவர் ஒரு பெண். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. பிறகு மலையாளம் கலந்த தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மோள் விழுந்தா ஆருகிட்ட ஓடும்?"

"ஆருகிட்டயும் ஓடாது. எழும்பி மண்ணத் தட்டிட்டு நிக்கும்" என்றேன்.

"அப்ப வாங்க. முதல்ல நீங்க மட்டும் வந்தா மதி. மோள கொண்டுவரண்டாம்."

எனக்கான ஆள் கிடைத்துவிட்டது என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

வடசேரியிலிருந்து காலை பஸ். ஒரு வீட்டின் மாடி அறை. தரையில் பாய், ஒரு கூடை நிறைய பொம்மைகள். அந்தப் பெண் என்னைவிட ஏழெட்டு வயது இளையவராக இருப்பார். இவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன். என் படிப்பும் அனுபவமும் அப்படி. மகளைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தால், என்னைப் பற்றிக் கேட்டார். சின்ன வயதில் நீங்கள் அழுதால் யார் வருவார்கள்?

யோசித்தேன். அம்மா விடிவதற்கு முன்பே மீன்சட்டியோடு போய்விடுவாள். எட்டு வயதில் என்னைக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஹாஸ்டலில் சேர்த்தார்கள். "ஆரும் வரமாட்டாவ. அதனால நான் அழமாட்டேன்" என்றேன். சொல்லி முடித்ததும் என் குரலே எனக்கு மகளின் குரலாகக் கேட்டது.

அடுத்த கேள்வி: "லீவு முடிஞ்சு திரும்பிப் போகும்போ எப்படிப் போவீங்க?"

"அவ ஒறங்கும்போ போயிருவேன். கண்டா கரைவா. அதப் பாத்தா எனக்குக் காலு நகராது."

"எல்லா வருஷமுமா?"

"எல்லா வருஷமும்."

பள்ளிக்கூடத்தில் தூங்குவதைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் நான் சொல்லியிருந்தேன் அல்லவா? அவர் அதை எடுத்தார். "வீட்டுல அவ ஒழுங்கா ஒறங்குறாளா?" யோசித்துப் பார்த்தேன். கண்ணை மூடிப் படுத்திருப்பாள். ஆனால் நான் புரண்டால் அவள் இமை அசையும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் பின்னாலேயே வந்து கதவோரம் நிற்பாள். நான் அதைக் குறும்பு என்று நினைத்திருந்தேன்.

"பாருங்க," என்றார் அவர். "அவ ஒறங்கினா நீங்க காணாமப் போவீங்கன்னு அவளுக்குத் தெரியும். நாலு தடவ அப்படித்தானே நடந்திருக்கு? அதனால ஒறங்காம இருக்கா. செருப்பு ஒண்ணு இல்லேன்னா நீங்க போக முடியாது. உங்கள வேண்டாம்னு நினைக்கிற பிள்ள உங்களுக்குக் காவல் இருக்குமா?"

நான் பாயிலிருந்து எழுந்துவிட்டேன்! உட்கார முடியவில்லை. என் மகள் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். நான் டானிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் கையில் அடி கொடுத்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த அறையில் இரண்டு முறை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இதற்கு அட்டாச்மென்ட் முறை என்று பெயர் சொன்னார். பெரிய வார்த்தையைக் கேட்டு நான் பேனாவை எடுத்தேன். அவர் சிரித்துவிட்டு எளிதாக விளக்கினார். பயம் வந்தால் ஓடிப்போக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆள் வேண்டும். போனால் அந்த ஆள் இருப்பார் என்ற உறுதி வேண்டும். அது இருந்தால் பிள்ளை தைரியமாக விளையாடப் போகும். அது சந்தேகமானால் ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும், இல்லை எதுவும் வேண்டாததுபோல் தள்ளி நிற்கும். சிகிச்சை பிள்ளைக்கு மட்டும் தருவதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற பிணைப்புக்குத் தருவது. அதனால் அம்மா வெளியே உட்கார முடியாது, பாயில்தான் உட்கார வேண்டும்.

"அப்ப அக்கா வீட்டுக்கு விடாம இருக்கேனே, அது?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"அது ரெண்டாவது தடவ அம்மா காணாமப் போற மாதிரி" என்றார் மெதுவாக.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இருந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம், "எனக்க பிள்ள எனக்கு காவல் இருந்திருக்கா, கேட்டீங்களா!" என்று மார்த்தாண்டம் வரை பேசிக்கொண்டே வந்தேன். பாவம், அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமையே மகளைக் கூட்டிப்போனேன்.

அடுத்த முறை மகளும் வந்தாள். பாயில் நாங்கள் இருவரும் மரக்கட்டை அடுக்கினோம். அவர் ஓரமாக ஒரு சின்ன கேமராவை வைத்திருந்தார். பத்து நிமிடம்தான். பிறகு மகளைத் தண்ணீர்த் தொட்டி மீன்களைப் பார்க்க விட்டுவிட்டு, லேப்டாப்பில் அதை ஓடவிட்டார்.

கோபுரம் சரிகிறது. மகள் சட்டென்று தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கிறாள். நான் குனிந்து கட்டையைப் பொறுக்கிக்கொண்டு, "நேரே அடுக்கு" என்கிறேன். அவர் படத்தை நிறுத்தினார். "அவ உங்களப் பாத்தா. நீங்க கட்டையப் பாத்தீங்க."

பத்து நிமிடத்தில் மூன்று முறை. மூன்று முறையும் நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஆனால் அடுத்த நொடியே எனக்குத் தோன்றியது வேறு. மூன்று முறை என்னைப் பார்த்திருக்கிறாள்! அந்தக் குட்டிப் பார்வையை நான் இத்தனை நாளாகத் தவறவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். கடைசியில் ஒரு இடத்தில், தற்செயலாக, நானும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்திருந்தேன். மகளின் உதடு சிரிப்பதுபோல ஒரு ஓரமாகப் போய்த் திரும்பியது. "இது போதும். இத வச்சு தொடங்கலாம்" என்றார் அவர்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டுப்பாடம். தினமும் பத்து நிமிடம், மகள் சொல்கிற விளையாட்டு. நான் சொல்லிக்கொடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. வெளியே எங்கே போனாலும் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். "மக்கா, சந்தைக்குப் போறேன். பெரிய முள்ளு ஆறுல வரும்போ வந்திருவேன்" என்று கடிகாரத்தைக் காட்டுவேன். பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு இருப்பார். வடசேரி சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு நான் ஓடிவருவதைப் பார்த்து, "என்ன, வீட்டுல ஆருக்கும் சொகமில்லியா?" என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். மகள் ஜன்னலில் நிற்பாள். நான் நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள். ஆனால் நின்றாள்! ஒவ்வொரு நாளும் நின்றாள். மஸ்கட்டில் இருந்த கணவருக்கு அதைத்தான் தினமும் போனில் சொல்வேன். "இன்னைக்கும் நின்னியா?" என்று அவரும் மகளிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்.

நாலாவது முறை அக்காவையும் அழைத்துவரச் சொன்னார் திருவனந்தபுரத்துப் பெண். அக்கா வெளுத்துப்போனாள். "நான் என்ன தப்பு செய்தேன்? என்னைய எதுக்கு அங்க கூப்பிடுதாவ?" மாடிப்படி ஏறும்போது கையில் ஜெபமாலை. அந்தப் பெண் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒருத்தர நம்பலாம்னு இந்தப் பிள்ளைக்குக் கத்துக்குடுத்தது நீங்க. அது இருக்கதுனாலதான் இப்ப எங்களால ஏதாவது செய்ய முடியுது."

அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இத்தன நாளும் நான் அவளுக்க பிள்ளையப் பறிச்சிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். நானும் அக்காவும் அதுவரை ஒருவரிடம் ஒருவர் சொல்லாதது அது. அன்று அந்தப் பாயில் மூன்று பெண்களும் அழுதோம். மகள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, பொம்மைக் கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்துவந்து அக்காவுக்கு ஒரு முனையும் எனக்கு ஒரு முனையும் தந்தாள்.

அன்றைய விளையாட்டை அவளே தொடங்கினாள். "நீ பிள்ள. நான் அம்மா. நீ ஒறங்கு" என்று என்னைப் படுக்கவைத்தாள். தட்டிக் கொடுத்தாள். நான் கண்ணை மூடியதும், ஒரு பொம்மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது: "இப்ப எழும்பு. நான் இல்ல. கரையணும்."

நான் எழுந்தேன். நடிக்கத்தான் நினைத்தேன். வெறும் பாயைப் பார்த்ததும், கடப்புறத்து வீட்டில் நாலு விடியற்காலைகளில் அந்தச் சின்ன உயிர் எழுந்து இப்படித்தானே தேடியிருக்கும் என்று நினைத்தேன். நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. அப்படி ஒரு அழுகையை நான் அழுததே இல்லை. கதவிடுக்கு வழியாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெட்டியோடு ஓடிவந்து, "வந்துட்டேன், வந்துட்டேன், கரையாத" என்று என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அதே விளையாட்டை இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் ஆடினோம். எனக்கே அலுத்துப்போகும் அளவுக்கு. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்தபிறகு டைரியில் தூக்கத்தைப் பற்றிய குறிப்பு எதுவும் வரவில்லை. மகளைப் பற்றி டீச்சர் எழுதிய புதுப் புகார், வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்பது. அதை நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டிக் கொண்டாடினேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஜூன். பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை. திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லியிருந்தேன். மாற்றுத் துணி, துண்டு, எலுமிச்சைச் சோறு எல்லாம் கட்டிக்கொண்டு வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம். பஸ் வந்தது. ஏறப்போன என்னிடம் கண்டக்டர், "குளிக்கவா போறீங்க? மழையில வெள்ளம் கூடிப்போச்சு. அங்க ஆள இறக்க விடல்ல கேட்டீங்களா" என்றார்.

நான் மகளிடம் குனிந்து, "மக்கா, இன்னைக்குப் போக முடியாது. அடுத்த வாரம் போவோம்" என்றேன்.

அவள் வழக்கமாகச் சொல்கிற "சரி" வரவில்லை. முகம் சிவந்தது. உதடு துடித்தது. கையிலிருந்த பையைத் தரையில் எறிந்தாள். சோற்றுப் பாத்திரம் உருண்டு ஓடியது.

"நீ பொய்! நீ சொன்னா செய்யமாட்ட! எப்பவும் பொய்!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். இரண்டு கைகளையும் மடக்கி என் வயிற்றிலும் இடுப்பிலும் குத்தினாள். தரையில் விழுந்து காலை உதைத்தாள். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், "இம்புட்டு அடமா? ரெண்டு குடுங்க, சரியாவும்" என்றார். பெரியவர் ஒருவர், "செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்காவ" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த அழுக்குத் தரையில், நல்ல சேலையோடு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர். எனக்குப் பைத்தியம் என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஒரு வருடமாக என்முன் தன் வருத்தத்தை மறைத்துக்கொண்டு நின்ற பிள்ளை, இன்று என்னிடம் கோபப்படுகிறது! கோபப்பட்டாலும் நான் ஓடிவிடமாட்டேன் என்று அவளுக்கு எங்கோ தெரிந்திருக்கிறது. எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது.

"ஆமா மக்கா. நான் போலாம்னு சொன்னேன். இப்ப போகல்ல. ஒனக்குக் கோவம் வரும்" என்றேன்.

அவள் இன்னும் இரண்டு குத்துக் குத்தினாள். பிறகு அருவியை விட்டுவிட்டாள். மூச்சு வாங்க வாங்க, அத்தனை வருடத்துக் கேள்வியைக் கேட்டாள்.

"எதுக்குச் சொல்லாமப் போன?"

இதற்கு என்னிடம் நல்ல நல்ல பதில்கள் ஐந்து வருடமாகத் தயாராக இருந்தன. உனக்காகத்தான் போனேன். வீடு கட்டத்தான் போனேன். சுனாமியில் எல்லாம் போச்சு. எதையும் சொல்லத் தோன்றவில்லை.

"நீ கரைவேன்னு பயந்து போயிட்டேன். அது தப்பு. சொல்லிட்டுப் போயிருக்கணும். நீ எழும்பித் தேடியிருப்ப" என்றேன்.

"தேடினேன்" என்றாள். "கட்டிலுக்குக் கீழ எல்லாம் தேடினேன்." சொல்லிவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடப்புறத்தில் அக்காவின் மடியில் அழுததுபோல, சத்தம் போட்டு, என் தோள் நனைய அழுதாள். திற்பரப்பு பஸ் புறப்பட்டுப் போனது. அதற்கடுத்த பஸ்ஸும் போனது. பூக்காரப் பெண் எழுந்துவந்து உருண்டு கிடந்த பாத்திரத்தை எடுத்து எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அங்கேயே, அந்தத் தரையில் இருந்தபடியே திருவனந்தபுரத்துக்குப் போன் போட்டேன். "அவ என்னைய அடிச்சா! எல்லாரும் பாக்க அடிச்சா!" என்று நான் கூவியதைக் கேட்டு அந்தப் பெண் மறுமுனையில் கைதட்டினார்.

எல்லாம் அன்றோடு முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருடம் போய்வந்தோம். கணவர் ஊர் திரும்பியபோது அவரும் அந்தப் பாயில் உட்கார்ந்தார். மகள் இன்றும் சனி, ஞாயிறு அக்கா வீட்டில்தான். அக்காவிடம் சொல்கிற ரகசியங்களில் பாதி எனக்குத் தெரியாது. அதில் எனக்கு இப்போது வருத்தமும் இல்லை.

இப்போது நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். ஊசியைக் கண்டதும் அம்மாவைக் கட்டிக்கொண்டு வார்டே அதிர அலறும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கவலை வருவதில்லை. யாரையும் கூப்பிடாமல், கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் ஏதாவது ஒரு பிள்ளை இருக்கும். ஊசி போட்டு முடித்த பிறகும், அந்தக் கண்கள் என் பக்கம் திரும்புகிறவரை, நான் அந்தக் கட்டிலை விட்டு நகர்வதில்லை.